செல்லம் என்ன செய்தாள்?

சனிக்கிழமை மதியம் நிகழ்ச்சி முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி கிள்ளானுக்கு அம்மா வீட்டுக்குப் போவது என் வழக்கம். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வாரம் முழுவதும் பேசிப் பேசியே சம்பாதிக்கும் எனக்கு, வாயை மூடிக்கொண்டு படிக்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை, தலை நிமிர்ந்து பார்த்தபோது ரயில் கிள்ளானைத் தாண்டி தெலுக் காடோங்கில் நின்றுகொண்டிருந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பி வரும் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்திலும் புத்தகத்தை மூடவில்லை. அந்த அளவுக்கு என்னைப் பிடித்து வைத்திருந்த கேள்வி இதுதான்: செல்லம் என்ன செய்தாள்?

சிங்கப்பூருக்கு வேலை மாறிப் போன தோழி ஒருத்தி, வீட்டைக் காலி செய்யும்போது என்னிடம் தள்ளிவிட்ட புத்தகங்களில் ஒன்று அது. பிரீத்தா சமரசன் எழுதிய 'ஈவ்னிங் இஸ் த ஹோல் டே'. ஈப்போவில் வளர்ந்த, நம்ம ஊர்த் தமிழ்ப் பெண் எழுதிய ஆங்கில நாவல். 2008இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆரஞ்சு பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 2008இல் நான் பல்கலைக்கழகத்தில் மீடியா படித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு புத்தகம் வந்திருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் தேடவில்லை. கே.எஸ்.மணியம், ரானி மாணிக்கா என்று இரண்டு பெயர் தெரிந்து வைத்திருந்ததோடு சரி.

தலைப்பைப் பார்த்து இது காதல் கதை என்றுதான் நினைத்தேன். அந்தத் தலைப்பு குறுந்தொகையிலிருந்து வருகிறது. மிளைப்பெருங்கந்தன் பாடிய 234ஆம் பாட்டு, ஏ.கே.ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக. துணை இல்லாதவர்களுக்குச் சூரியன் மறையும் நேரம் மட்டும் மாலை இல்லை, கோழி கூவும் விடியலும் மாலைதான், பகலும் மாலைதான் என்பது அதன் பொருள். எஸ்பிஎம் தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தவள் நான். இந்தப் பாட்டை ஓர் ஆங்கில நாவலைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. வெட்கம்தான், வேறென்ன.

கதை ஈப்போவில், 1980இல் தொடங்குகிறது. கிங்ஃபிஷர் லேன் என்ற தெருவில் ஒரு பெரிய வீடு. சுதந்திரம் கிடைத்த காலத்தில் ஊருக்குத் திரும்பிய ஸ்காட்லாந்து துரை ஒருவரிடமிருந்து தாத்தா வாங்கிய வீடு. இப்போது அதில் வழக்கறிஞர் அப்பா, எதையோ இழந்தவர்போல் உட்கார்ந்திருக்கும் அம்மா, மூன்று பிள்ளைகள், பாட்டி. பாட்டியைப் பார்த்துக்கொள்வதற்கு ரப்பர் தோட்டத்திலிருந்து கூட்டிவரப்பட்ட பெண்தான் செல்லம். நாவலின் முதல் காட்சியிலேயே அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். குடிகார அப்பன் வந்து அழைத்துப் போகிறான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பாட்டி இறந்துபோயிருக்கிறார். மூத்தவள் உமா, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போய்விட்டாள், இனி திரும்பி வரப்போவதில்லை. இத்தனையையும் ஆறு வயது ஆஷா பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பேய்களும் தெரியும். அந்தத் துரையின் மகள், ஈயக்குட்டையில் மூழ்கிச் செத்த சிறுமி, அவளோடு பேசுவாள்.

பாட்டி எப்படி இறந்தார்? செல்லம் செய்த குற்றம் என்ன? இவ்வளவுதான் மர்மம்.

என் அம்மா ராஜேஷ்குமாரின் பரம வாசகி. தெங்கு கிளானா சாலையில் மளிகை வாங்கப் போனால் மாத நாவல் ஒன்றும் சாமான் பையில் ஏறிவிடும். முதல் பக்கத்தில் கொலை, கடைசிப் பக்கத்தில் விவேக் வந்து முடிச்சை அவிழ்ப்பார். நானும் அம்மா தூங்கிய பிறகு அவற்றைத் திருடிப் படித்து வளர்ந்தவள்தான். அந்தக் கதைகள் முன்னோக்கி ஓடும். இந்த நாவல் பின்னோக்கி நடக்கிறது. தண்டனை முதல் அத்தியாயத்திலேயே கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு வாரம் வாரமாக, மாதம் மாதமாக, சில இடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போய்க் குற்றத்தைத் தேடுகிறோம். துப்பறிகிறவர் யாரும் இல்லை. அப்பா நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கை நடத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருடைய வீட்டுக்குள் நடந்ததை யாரும் விசாரிக்கவில்லை. யார் எதைப் பார்த்தார்கள், பார்த்ததில் எதைச் சொன்னார்கள் என்பதுதான் அங்கே எல்லாமே.

குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் நூறு பக்கம் எனக்கு முள் பாதையாக இருந்தது. ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் முடிய மனமே இல்லாமல் போகும். சொல்லாட்டம் சில இடங்களில் அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஆனால் வாக்கியங்களுக்குள் நம் வீட்டுப் பேச்சு இருக்கிறது. 'செல்லம்சர்வண்ட்' என்று ஒரே சொல்லாக அவளைக் குறிப்பிடுகிறார்கள். படித்ததும் ரயிலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்துக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால் எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு சொல் இருந்தது. 'வேலக்காரமாலா.'

எங்கள் தெருவில் இரண்டு மாலா இருந்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் மகள் மாலா, வெறும் மாலா. பெரியம்மா வீட்டில் வேலை செய்தவள் வேலக்காரமாலா. (உண்மைப் பெயர் இது இல்லை. மாற்றியிருக்கிறேன்.) காப்பார் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவள். பதினாறு வயது இருக்கும். அவளுக்கு மாதம் 120 வெள்ளி. முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவார். வாசலில் நின்றபடியே அவருக்குக் கோப்பி கொடுப்பார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. செல்லத்தின் சம்பளமும் அவள் அப்பன் கைக்குத்தான் போகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

1980களிலிருந்து இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் பணிப்பெண்கள் பெரிய எண்ணிக்கையில் வரத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு பட்டணத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள்தான். பால் மரத்து வேலை குறையக் குறைய, ஆறாம் வகுப்போடு நின்ற பெண்களைத் தெரிந்தவர் மூலமாக டாக்டர் வீட்டுக்கும் லாயர் வீட்டுக்கும் அனுப்புவார்கள். "சாப்பாடு போட்டு, துணி எடுத்துக் கொடுத்து, நம்ம புள்ள மாதிரி வச்சிருக்கோம்" என்பார்கள். எங்கள் பெரியம்மாவும் அதைத்தான் சொல்வார். பொய் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு மாலாவுக்கும் சட்டை எடுத்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் எடுத்த கடையில் இல்லை, அவ்வளவுதான்.

1996இல் எனக்கு ஏழு வயது. பள்ளி விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டில் இருந்தேன். ஒருநாள் காலையில் பெரியம்மாவின் இரண்டு பவுன் சங்கிலியைக் காணோம். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தது. வீடே தலைகீழானது. மாலாவின் பையைக் கொட்டினார்கள். இரண்டு பாவாடை, ஒரு பவுடர் டப்பா, பழைய நாளிதழிலிருந்து வெட்டிய நடிகர் படம். இல்லை. அவள் அழுதாள். பெரியப்பா என்னைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: "பாப்பா, நேத்து மத்தியானம் மாலா பெரியம்மா ரூமுக்குள்ள போனதைப் பார்த்தியா?"

பார்த்தேன் என்றேன்.

பார்த்தது உண்மை. தினமும் கூட்டிப் பெருக்க அவள் அந்த அறைக்குள் போவாள். நேற்றும் போனாள், அதற்கு முந்தைய நாளும் போனாள். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். கெட்டிக்காரி என்று பெரியப்பா தலையைத் தடவினார். அன்று சாயங்காலமே மாலாவின் அப்பாவை வரவழைத்தார்கள். அவர் வாசலிலேயே அவளை அறைந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. என்னைத் திரும்பிப் பார்த்தாளா என்பது நினைவில் இல்லை. பார்த்தாள் என்று சில நாள் தோன்றுகிறது. இல்லை என்றும் தோன்றுகிறது.

நாவலின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. மர்மக் கதையின் முடிவைச் சொல்கிறவர்களுக்கு நரகத்தில் தனி இடம் இருக்கிறது என்று அம்மா சொல்வார். இவ்வளவு மட்டும் சொல்லலாம்: ஆறு வயதுப் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்கு ஒரு வீட்டில் எவ்வளவு எடை, அதே வீட்டில் வேலைக்காரப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கு எவ்வளவு எடை என்று பிரீத்தா சமரசன் நிறுத்துக் காட்டுகிறார். அதற்குப் பின்னால் நாட்டின் கதையும் வருகிறது. சுதந்திரத்தின் நம்பிக்கை, 1969 மே 13, தமக்கு இந்த நாட்டில் என்ன இடம் என்று தெரியாமல் தவித்த படித்த தமிழர்கள். தங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று மேசையில் அடித்துப் பேசுகிறவர்களின் சமையலறையில் ஒருத்தி தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டு, ஊடகத்தில் யாருடைய குரல் கேட்கிறது, யாருடையது கேட்கவில்லை என்று தியரி தியரியாகப் படித்தேன். ஒரு பரீட்சைத் தாளிலும் எனக்கு மாலா ஞாபகம் வரவில்லை.

புத்தகத்தை முடித்த வாரம், நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். என் கதையைச் சொல்லவில்லை. செல்லத்தின் கதையை மட்டும் சொல்லி, 'வீட்டு வேலைக்கு வந்தவர்களைப் பற்றி உங்கள் நினைவு என்ன' என்று நேயர்களைக் கேட்டேன். முதல் நான்கு அழைப்பும் முதலாளி வீடுகளிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் ஒரு லெட்சுமி இருந்தாள், தங்கமான பிள்ளை, அவள் வைக்கும் மீன் குழம்பு மாதிரி வராது. இந்த மாதிரி. நல்ல அழைப்புகள்தான். நானும் சிரித்துப் பேசினேன்.

ஐந்தாவது அழைப்பில் ஓர் அம்மா. வயது அறுபது இருக்கலாம். மேருவிலிருந்து பேசுவதாகச் சொன்னார். "நான் அந்த வீட்டுல இருந்த புள்ளம்மா" என்றார். எந்த வீடு என்று கேட்டேன். "ஏதோ ஒரு வீடு. கோலாலம்பூர்ல. அஞ்சு வருசம் இருந்தேன்." பிறகு அவரே கேட்டார்: "அந்தக் கதையில அந்தப் பொண்ணு சம்பளத்தை அவகிட்ட ஒரு தடவையாச்சும் கொடுத்தாங்களா?"

அப்பா வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்றேன்.

"எனக்கும் அப்படித்தான். அஞ்சு வருசத்துல அந்தக் காசை நான் கையால தொட்டதே இல்ல. கல்யாணமாகி ஃபாக்டரிக்குப் போனப்பதான் முத சம்பளம். கவரைப் பிரிக்காம ரெண்டு நாள் சாமிகிட்ட வச்சிருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குப் பாட்டுப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றார். பத்து வருடமாக மைக் முன்னால் உட்காருகிறேன். எந்தப் பாட்டைப் போடுவது என்று அன்று கை தடுமாறியது.

நிகழ்ச்சியை அம்மா கேட்டிருந்தார். அன்று மாலை நான் கிள்ளான் வீட்டுக்குள் நுழைந்து பை வைக்கும் முன்பே, "பசியாறினியா" என்று கூடக் கேட்காமல், "மாலா ஞாபகம் வந்திருச்சா?" என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சங்கிலியை எடுத்தது பெரியம்மாவின் மூத்த மகன். அப்போது பதினெட்டு வயது, ஏதோ கடன். அடகுக்கடைச் சீட்டு அவன் சட்டைப் பையில், துவைக்கும்போது கிடைத்தது. மாலா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாலா இல்லாததால் பெரியம்மாவே துணி துவைத்ததால் கிடைத்தது. பெரியப்பா போய்ச் சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதே சங்கிலியைப் பெரியம்மா அதன் பிறகு எத்தனையோ கல்யாணங்களுக்குப் போட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேறு வாங்கினார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அவளைத் திரும்பக் கூப்பிடலையாம்மா?"

"எப்படிக் கூப்பிடுறது? கூப்பிட்டா ஏன்னு சொல்லணும்ல. பையன் பேரு கெட்டுடும்."

ராஜேஷ்குமார் நாவல்களில் குற்றவாளி யார் என்று பாதியிலேயே சொல்லிவிடும் என் அம்மா, இருபத்தெட்டு வருடம் முடிவை மட்டும் தனக்குள் வைத்திருந்தார். எனக்கு அவர் மீது கோபம் வந்தது. அப்புறம், பார்த்தேன் என்று சொன்னது யார் என்று நினைத்ததும் அந்தக் கோபத்தைக் காட்ட முடியவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டேன். பெரியம்மாவும் பெரியப்பாவும் இப்போது இல்லை. "அண்ணனைக் கேளு" என்றார். கேட்டேன். தொலைபேசியில் ரொம்ப நேரம் பேச்சில்லை. "எழுது. என் பேரைப் போடாத" என்றான். அவனுக்கும் இப்போது பதினாறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

காப்பாருக்கும் ஒரு ஞாயிறு போனேன். தோட்டம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகளும் ஒரு கிடங்கும். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. சுற்றிலும் கார் நிறுத்துமிடம். லயம் உடைத்தபோது சிலர் மேருவுக்கும் சிலர் பண்டமாரான் பக்கமும் போனார்கள் என்றார் பூசாரி. மாலாவின் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்கலாம் என்று போனவள், அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன், அவர் பெயர் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியவில்லை. 'மாலா அப்பா' என்றுதான் எல்லோரும் கூப்பிட்டிருக்கிறோம்.

மேருவிலிருந்து பேசிய அம்மாவுக்கு மாலாவைத் தெரிந்திருக்குமோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன். அசட்டு எண்ணம். அவர் வயதே வேறு. அதோடு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகள், எத்தனை மாலாக்கள். நம் நாட்டு வேலைச் சட்டத்தில் 2022 வரைக்கும் அவர்களுக்கு 'வீட்டு வேலைக்காரர்' என்றுதான் பெயர். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து அதை 'வீட்டுப் பணியாளர்' என்று மாற்றியிருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் மட்டும் இன்னும் அவர்களுக்கு எட்டவில்லை.

அம்மாவுக்கு ஆங்கில நாவல் படிக்க வராது. அதனால் நான்கு ஞாயிற்றுக்கிழமை, சமையலறையில், கதையை வாயாலேயே சொன்னேன். முதல் நாள் செல்லம் போவது, கடைசி நாள் பாட்டி. நடுவில் அம்மா ஊகித்துக்கொண்டே வந்தார். "அந்த அம்மாக்காரிதான்", "இல்ல, அந்தச் சித்தப்பா." நான்காவது வாரம் முடிவைச் சொன்னபோது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. யார் தள்ளியது, ஏன் சொன்னாள் என்று எதுவும் கேட்கவில்லை. வெங்காயம் முடிந்தது, பூண்டை எடுத்தார்.

ரொம்ப நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவ போனது இருவத்தேழாம் தேதி. அந்த மாசச் சம்பளத்த உங்க பெரியப்பா குடுக்கல. சங்கிலிக்குச் சரியாப் போச்சுன்னுட்டாரு. நூத்தி இருவது வெள்ளி."